அயோத்தியாப்பட்டணத்தில் நான் ஒடித்த கை

நாமக்கல்லில் இறங்கி ஒரு மணி நேரம் ஆவதற்குள் என் பெயர் காணாமல் போனது. மலேசியாவில், கிள்ளானில் நான் குணசேகரன். இங்கே எல்லாருக்கும் ‘மாஸ்டர்’. என்னை அழைத்துப்போக வந்தவர் பரோட்டாக் கடையில் உட்கார்ந்ததும், “மாஸ்டருக்கு ரெண்டு கலக்கி” என்று குரல் கொடுத்தார். கல்லின் முன்னால் வேர்த்து நின்ற பரோட்டா மாஸ்டர் திரும்பி, “எனக்கு எதுக்குங்க கலக்கி?” என்றார். கடையே சிரித்தது. கலக்கி என்பது பாதி வெந்தும் வேகாமலும் மிளகு தூவிச் சுருட்டி எடுக்கிற முட்டை. இலையில் நிற்காமல் வழுக்கி ஓடும். நான் நான்கு சாப்பிட்டேன்.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, கலக்கியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். மற்றதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் மற்றதுதான் நடந்தது.

நான் முப்பது ஆண்டுகளாகக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். கிள்ளானுக்கு வேலைக்கு வந்து என்னிடம் படித்த பையன் ஒருவனின் அப்பா நாமக்கல்லில் லாரிகள் வைத்திருக்கிறார். நல்லதம்பி என்று பெயர். அவர்தான் மலேசியாவுக்குப் போன் போட்டு அழைத்தார். “எங்க டிரைவருங்க ரோட்டோரத்துல தூங்கறப்ப அடி வாங்கிட்டு வர்றாங்க மாஸ்டர். டீசல உறிஞ்சறாங்க, தார்ப்பாய அறுக்கறாங்க, போனப் புடுங்கறாங்க. ஒருத்தரு ரெண்டு பல்லு இல்லாம வந்து நின்னாரு. நீங்க வந்து நாலு நாள் ஏதாச்சும் சொல்லிக் குடுங்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கறுப்புப் பட்டையைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் கொட்டகையில் வகுப்பு. பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டே இருந்தார்கள். நான் கத்திப் பேச வேண்டியிருந்தது. இருபது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் இரவெல்லாம் ஓட்டிவிட்டு வந்தவர்கள், கண்கள் சிவந்திருந்தன. எங்கள் ஊர் நெடுஞ்சாலைகளில் லாரிகளுக்கென்று ஓய்விடங்கள் உண்டு. விளக்கு, கழிப்பறை, சாப்பாட்டுக் கடை எல்லாம் இருக்கும். இவர்கள் புளியமரத்தடியில் தூங்குகிறவர்கள். அதைச் சொல்லி அனுதாபப்பட்டேன். ஒருவர் கொட்டாவி விட்டார்.

அன்றைய வகுப்பின் முக்கியப் பாடம் இதுதான்: தூக்கத்தில் இருக்கும்போது ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்தால் என்ன செய்வது. மணிக்கட்டைப் பிடி, வெளிப்பக்கமாகத் திருகு, முழங்கையை ஜன்னல் விளிம்பில் வைத்து உன் உடம்பு எடையோடு கீழே அழுத்து. நின்றிருந்த லாரி ஒன்றில் ஏறி, தங்கராசு என்ற டிரைவரை வெளியே நிற்கவைத்துச் செய்து காட்டினேன். நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல திடமான ஆள். “அய்யோ, உடுங்க மாஸ்டர்!” என்று கத்தினார். கைதட்டினார்கள்.

பின்வரிசையில் ஒருவர் கேட்டார்: “கை யாரோடதுன்னு பாக்கறதுக்கு நேரம் இருக்குங்களா?”

“நீங்க பார்த்துக்கிட்டு இருந்தா அது கழுத்துக்குப் போயிடும்” என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் வகுப்பு இல்லை. லாரியில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டதால், தங்கராசு தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். ராசிபுரம் வழியாக ஆத்தூருக்குப் போய், ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் வர வேண்டும். கேபினில் ஏறும்போதே என் கால் செருப்பு படியில் மாட்டி ரோட்டில் விழுந்தது. அதை எடுக்க அவர் இறங்கினார். என்னை இறங்க விடவில்லை.

ஆத்தூரில் சுமை ஏற்றும்வரை பக்கத்துக் கடையில் தட்டு வடை செட் சாப்பிட்டோம். இரண்டு சின்னத் தட்டைகளுக்கு நடுவே துருவிய காய்கறியும் சட்னியும் வைத்து, அப்படியே வாய்க்குள் போட வேண்டும். நான் கடித்துச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டேன். மூட்டை தூக்குகிறவர்களின் தலை முதல் கால் வரை வெள்ளை மாவு. சிரிக்கும்போது மட்டும் யாருக்கு என்ன வயது என்று தெரிந்தது.

திரும்பும்போது வாழப்பாடி தாண்டியதும் தங்கராசுவின் தலை ஒருமுறை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது. “மாஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. ராத்திரி முச்சூடும் ஓட்டிட்டு வந்தது. ஒரு மணி நேரம் கண்ண மூடிக்கறேன். இல்லீன்னா ரெண்டு பேரும் ஊடு போய்ச் சேர மாட்டோம்.”

அயோத்தியாப்பட்டணம் வருவதற்குச் சற்று முன்னால், ஒரு டீக்கடையை ஒட்டி ஐந்தாறு லாரிகள் நின்றிருந்தன. அங்கே ஒதுக்கினார். பகல் ஒரு மணி வெயில். அவர் இறங்கிப் போய், பக்கத்து லாரியின் நிழலில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் படுத்த வேகத்தில் குறட்டை வந்தது.

நான் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். கிளீனர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் பை கழுத்தில் தொங்கியது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

கண் விழித்தபோது ஒரு கை என் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது. கறுத்த, காய்ப்பு ஏறிய கை. முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன், திருகினேன், ஜன்னல் விளிம்பில் வைத்து அழுத்தினேன். முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்ததை வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையான ஒரு மனிதன்மேல் செய்தேன். எந்தத் தவறும் இல்லாமல் செய்தேன். எலும்பு முறியும் சத்தம், பச்சை மரவள்ளிக் குச்சியை ஒடிப்பதுபோல் இருந்தது.

அந்த ஆள் படியிலிருந்து மல்லாந்து விழுந்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டி, “திருடன்! திருடன்!” என்று கத்தினேன்.

கையை ஒடித்ததைவிட அந்தச் சொல்தான் இன்றும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ரோட்டில் என்ஜினை அணைக்காமல் நிறுத்தி டீ வாங்கிக்கொண்டிருந்த ஒரு லாரிக்காரர், கட்டம் போட்ட சட்டைக்காரர், டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தார். கீழே கிடந்தவரின் சட்டையைப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் இரண்டு அறை அறைந்தார். பின்னால் நின்ற பேருந்து விடாமல் ஹாரன் அடிக்கவே, “உட்றாதீங்க இவன” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்த் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடையிலிருந்து இன்னும் இரண்டு பேர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குள் தங்கராசு மறுபக்கக் கதவு வழியாகக் குதித்துச் சுற்றி ஓடி வந்தார். “அடிக்காதீங்க! அடிக்காதீங்க! அர்த்தநாரி அண்ணனுங்க அது!”

அர்த்தநாரி திருச்செங்கோட்டுக்காரர். இருபது வருடமாக லாரி ஓட்டுகிறவர். தங்கராசு இறங்கிப் போய் அவரிடம் சொன்னது இதுதான்: “அண்ணா, ரெண்டு மணிக்கு எழுப்பி உடுங்க. வண்டியில ஒரு விருந்தாளி இருக்காரு, கொஞ்சம் பாத்துக்குங்க.” அவரும் ஒரு மணி நேரம் எங்கள் வண்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்திருக்கிறார். இரண்டு மணி ஆனதும் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, படியில் ஏறி என் தோளைத் தொட வந்திருக்கிறார். அவருடைய மறுகையில் இருந்த பாலித்தீன் பையில் மூன்று பேருக்கு டீ. பை கிழிந்து டீ முன்சக்கரத்தின்மேல் வழிந்துகொண்டிருந்தது.

நான் இறங்கினேன். மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. “அவர்தான் கையை உள்ளே விட்டாரு” என்றேன். தங்கராசு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரைத் தூக்கி உட்காரவைத்தார்.

ஆட்டோவில் எலும்பு மருத்துவமனைக்குப் போனோம். வழியில் அர்த்தநாரி பல்லைக் கடித்துக்கொண்டு, ஒடிந்த கையை மடியில் துண்டின்மேல் வைத்திருந்தார். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டாக்டர் இளம் பெண். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, “இது எப்படி ஆச்சு?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், உண்மையில் திறந்திருப்பேனா என்பது வேறு கதை, அர்த்தநாரி சொன்னார்: “தார்ப்பாய் கட்டறப்ப மேல இருந்து வழுக்கிட்டனுங்க.”

டாக்டர் அவருடைய கன்னத்தைப் பார்த்தார். விரல் தடம் சிவந்திருந்தது. “கன்னத்துல?”

“உழுகறப்ப பட்டுருச்சுங்க.”

நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டின் படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த எலும்புக்கு என்ன பெயர் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன்.

மாவுக்கட்டுப் போட்டு வெளியே வந்த பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “நீங்க வெளிநாட்டு ஆளு. கேசு கீசுன்னு பாஸ்போட்ட வாங்கி வெச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க? இங்க யாரத் தெரியும் உங்களுக்கு?” என்றார். அவருக்கு என்மேல் கோபம் இருந்தது, அது குரலில் தெரிந்தது. ஆனாலும் அப்படித்தான் சொன்னார்.

ஆட்டோவிலேயே டீக்கடைக்குத் திரும்பினோம். தங்கராசு சேலத்தில் சுமையை இறக்கப் போக வேண்டும். அர்த்தநாரியின் வண்டியில் நாமக்கல் கோழித்தீவன ஆலைக்குப் போக வேண்டிய மக்காச்சோளம். அதை எடுத்துப்போக அவருடைய மச்சான் திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வர மூன்று மணி நேரமாவது ஆகும். “நான் இருக்கேன்” என்றேன். அன்றைக்கு நான் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

அர்த்தநாரி தன் கேபினில் ஏற நான் கைகொடுத்தேன். வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. படுத்துக்கொண்டே, தானும் ஒருமுறை தூக்கத்தில் மாட்டிக்கொண்டதைச் சொன்னார். வடக்கே எங்கேயோ, ஆள் இல்லாத இடத்தில் தனியாக நிறுத்தித் தூங்கியபோது மூன்று பேர் கதவைத் திறந்து ஏறியிருக்கிறார்கள். “என்ன பண்ணுனீங்க?” என்று கேட்டேன்.

“என்ன பண்றது? போன், துணிப்பை, கடியாரம் எல்லாத்தையும் நானே எடுத்துக் குடுத்தேன். ஒருத்தன் போறப்ப சும்மா ஒரு மிதி மிதிச்சுட்டுப் போனான். ஊட்டுல யார்கிட்டயும் சொல்லல. அதுக்கப்பறம் தனியா நிறுத்தறதே இல்லீங்க. நாலு வண்டி நிக்கற எடத்துலதான் நிறுத்துவேன். பக்கத்துல இருக்கறவன்கிட்ட இன்ன ஊரு, இன்ன பேருன்னு சொல்லிட்டுத்தான் படுப்பேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “கதவச் சாத்த வேண்டாமுங்க. காத்து வரட்டும். நீங்கதான் இருக்கறீங்களே” என்றார். தூங்கிவிட்டார்.

கையை ஒடித்தவனை வாசலில் உட்காரவைத்துவிட்டு அவர் தூங்கினார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் முகத்தில் அடித்தது, நகரவில்லை. போகிற வருகிறவர்கள் நின்று, “எப்புடி இருக்குது அவருக்கு?” என்று கேட்டார்கள். டீக்கடைக்காரர் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். பஞ்சர் ஒட்டுகிறவர் வந்தார். எதிர்ச்சாரியில் நின்ற வேறொரு வண்டிக்காரர் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். என்னைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான்காம் நாள் மறுபடியும் வகுப்பு. முந்தின வகுப்பைவிடக் கூட்டம் அதிகம். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தேன். கொட்டகையில் ஒரு பலகைமேல் ஏறி நின்றதும், “அந்த ஜன்னல் பிடியை மறந்துடுங்க, அது ஆபத்து” என்று மட்டும் சொன்னேன். “ஏனுங் மாஸ்டர்?” என்று ஒருவர் கேட்டார். “எலும்பு முறிஞ்சுடும்” என்றேன். கடைசி வரிசையில் தங்கராசு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் சொல்லவில்லை.

பேச்சை மாற்ற, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவர்களையே கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டு கதவுக் கைப்பிடிகளையும் உள்ளே ஒரே கயிற்றால் சேர்த்துக் கட்டிவிட்டுப் படுப்பேன் என்றார் ஒருவர். கண்ணாடியை நான்கு விரல் அளவுக்குத்தான் இறக்குவேன் என்றார் இன்னொருவர். டீசல் டேங்க் சுவர்ப்பக்கம் இருக்கும்படி நிறுத்துவார்களாம். யாராவது ஏறினால் இறங்கிச் சண்டை போடாமல், ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார்களாம். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினால் அங்கே வேலை செய்கிறவரிடம் சொல்லிவிட்டுப் படுப்பது. மனைவிக்குப் போன் போட்டு நின்ற இடத்தைச் சொல்வது. அவர்கள் சொல்லச் சொல்ல நான் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டேன். கறுப்புப் பட்டை வயிற்றை அழுத்தியது.

எல்லாரும் போன பிறகு தங்கராசு வந்தார். “நாளைக்கு அண்ணன் ஊட்டுக்குப் போலாமுங்களா?” என்று மட்டும் கேட்டார்.

திருச்செங்கோட்டில் மலை ஊரின் தலைக்கு மேலேயே நிற்கிறது. எந்தத் தெருவில் திரும்பினாலும் அதுதான் முன்னால் வருகிறது. அர்த்தநாரியின் வீடு விசைத்தறிகள் ஓடும் ஒரு தெருவில் இருந்தது. தறிச் சத்தத்தில் நாங்கள் கூப்பிட்டது கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றோம். அவருடைய மகள் வந்து கதவைத் திறந்தாள். கல்லூரி முடித்த பெண். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“மலேசியா மாஸ்டருங்களா? நீங்கதான் அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, மாமா வர்றவரைக்கும் கூடவே இருந்தீங்களாமா? ரொம்ப நன்றிங்க.”

இலை போட்டார்கள். அர்த்தநாரியின் மனைவி சாந்தாமணி சோறு போட்டு, கோழிக்குழம்பை அள்ளி ஊற்றினார். “கண்ணு காணாத தேசத்துல இருந்து வந்தவரு, எங்களுக்காக வெயில்ல உக்காந்திருக்கீங்க” என்றார். எதிரே அர்த்தநாரி, மகள் பிசைந்து கொடுத்ததை இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார்.

பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டேன். “அம்மா, அவர் வழுக்கி விழல” என்றேன். “நான்தான் ஒடிச்சேன். எழுப்ப வந்தவரை ஒடிச்சேன். திருடன்னு கத்தினேன். அதைக் கேட்டு ஒருத்தர் வந்து கன்னத்துல அடிச்சார்.”

மகள் அப்பாவின் தட்டைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. சாந்தாமணி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தார்.

“கன்னத்துல அடிச்சாங்களா?” என்று கணவரிடம் கேட்டார்.

“உடு, ஆனது ஆகிப்போச்சு.”

“எந்த எடத்துல?”

அவர் சொன்னார். சாந்தாமணி என் பக்கம் திரும்பினார். கத்தவில்லை. “கை கூடிருமுங்க. அது போவுது. அந்த டீக்கடையில இவரு இருவது வருசமா வண்டிய நிறுத்தறாரு. அந்த எடத்துல வெச்சுத் திருடன்னு சொல்லியிருக்கீங்க. அதே எடத்துல போயி, இவரு திருடன் இல்லீன்னு சொல்லிட்டுப் போங்க. அப்பறம் உங்க ஊருக்குப் போங்க.”

பிறகு, “சோத்த வெச்சிட்டு எந்திரிக்காதீங்க” என்றார். அந்தச் சோற்றை முழுவதும் சாப்பிட்டேன்.

தங்கராசு கூட வருவதாகச் சொன்னார். நான் தனியாகப் போகிறேன் என்றேன். சேலத்தில் இறங்கி ஆத்தூர்ப் பேருந்தில் ஏறினேன். அது அயோத்தியாப்பட்டணத்தில் நிற்காத வண்டி என்று ஏறிய பிறகுதான் தெரிந்தது. நடத்துநர் வாழப்பாடியில்தான் இறக்கிவிட முடியும் என்றார். டீக்கடை ஜன்னலில் வந்து கடந்து போனது. வாழப்பாடியில் இறங்கி, நகரப் பேருந்து பிடித்துத் திரும்பி வருவதற்குள் மணி நான்கு ஆகிவிட்டது.

கடையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “டீயா சார்?” என்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன். “அர்த்தநாரி திருடன் இல்லை. நான் தப்பாக் கத்திட்டேன். எங்களை எழுப்பத்தான் வந்தாரு. அவர் மேல எந்தத் தப்பும் இல்லை.”

அன்று கையை ஓங்கி வந்த இரண்டு பேரில் ஒருவர் அங்கே இருந்தார். டம்ளரைப் பார்த்துக்கொண்டு, “நானும் ரெண்டு போட்டிருப்பேன், நல்லவேளை” என்றார். கடைக்காரர், “அன்னைக்கே தெரிஞ்சுபோச்சே சார், அவரை இங்க யாருக்குத் தெரியாது?” என்றார்.

“அடிச்சாரே, கட்டம் போட்ட சட்டை. அவர் யாரு?”

“அவரா? புது ஆளு. இங்க நிறுத்தி நான் பார்த்ததில்ல. அவசரமாப் போயிட்டாரு.”

வண்டி எண்ணை யாரும் பார்க்கவில்லை. எந்த ஊர் வண்டி என்றும் தெரியவில்லை. மூட்டையா, இரும்பா, என்ன ஏற்றியிருந்தார் என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

வெளியே வந்து தங்கராசுவிடம் போனில் கேட்டு எண் வாங்கி, சாந்தாமணிக்குப் போன் செய்தேன். சொல்லிவிட்டேன் என்றேன்.

“எல்லார்த்துகிட்டயும் சொன்னீங்களா?”

“கடையில இருந்தவங்ககிட்டச் சொல்லிட்டேன். அடிச்சவர் மட்டும் இல்லம்மா. அன்னைக்கே போயிட்டாராம்.”

அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. “அவரு போற எடத்துலயெல்லாம் ஒரு திருடன அடிச்சேன்னுதான சொல்லுவாரு? எந்தப் பக்கம் போனாருங்?” என்று கேட்டார்.

“தெரியலைம்மா” என்றேன்.